சப்பாத்தும் மெத்தையும்: உயரம் பாய்தலின் வரலாற்றில் கருவியும் திறனும்

விளையாட்டில் வெற்றியைத் தீர்மானிப்பது உபகரணமா, வீரரின் திறனா என்னும் வினா, திறன் உடலின் உள்ளே உறைவது, உபகரணம் வெளியிலிருந்து வந்து சேர்வது என்ற எடுகோளின் மீதே பெரும்பாலும் எழுப்பப்படுகின்றது. உயரம் பாய்தலின் வரலாறு இவ்வெடுகோளுக்கு இடந்தரவில்லை. கோலூன்றிப் பாய்தலைப் போலக் கையிற் கருவியேதும் ஏந்தாத இப்போட்டியிலேயே கருவியின் செல்வாக்கு ஆழமாகப் பதிந்துள்ளமை நோக்கற்பாலது.

1957 இல் லெனின்கிராட்டில் சோவியத் வீரர் யூரி ஸ்தெபனோவ் 2.16 மீற்றர் பாய்ந்து உலக சாதனை நிலைநாட்டினார். ஊன்றியெழும் காலில் அவர் அணிந்திருந்த சப்பாத்தின் அடி வழக்கத்திலும் தடித்திருந்தமை சர்ச்சையைக் கிளப்பிற்று. அடித்தடிப்பு 13 மில்லிமீற்றரை விஞ்சலாகாது எனப் பின்னர் விதி வகுக்கப்பட்டது, சாதனையோ நீக்கப்படவில்லை.

இதனினும் பெரிய மாற்றம் வீரர் விழும் இடத்திலேயே நிகழ்ந்தது. மணலிலோ மரத்தூளிலோ விழவேண்டியிருந்த காலத்தில், குறுக்குத்தண்டைத் தாண்டியவர் கால்களையும் கைகளையும் ஊன்றியே தரையிறங்க வேண்டும். கத்தரிப் பாய்ச்சலும், வயிறு தண்டை நோக்கக் குப்புறப் புரளும் முறையும் இந்நிலைமையிலேயே வளர்ந்தன. முதுகு கீழாக விழுவது கழுத்தை முறித்துக்கொள்வதற்கு ஒப்பாகும். 1960களில் நுரைப்பஞ்சு மெத்தை பரவியதும் இவ்வச்சம் நீங்கிற்று. குப்புறப் புரளும் முறை கைவரப்பெறாத அமெரிக்க மாணவர் டிக் ஃபொஸ்பரி, தமக்குப் பழகிய கத்தரிப் பாய்ச்சலைச் சிறிது சிறிதாகத் திரித்து, தண்டுக்கு முதுகுகாட்டிப் பாயும் முறையை அடைந்தார். 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 2.24 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். கனடாவில் டெபி பிரில் என்னும் சிறுமியும் அதே காலத்தில், அவரை அறியாமலே, ஒத்ததொரு முறையைக் கண்டடைந்திருந்தார். ஒரு புதிய திறன் இரு வேறிடங்களில் ஏககாலத்தில் முளைக்கின்றதெனின், தனிமனித மேதைமையை மட்டும் காரணங்காட்டல் போதாது.

எனினும் மெத்தையே பாய்ந்தது என்று கூறிவிடவும் இயலாது. இங்கு பொறிமுறைப் பொருள்முதல்வாதிகள் சற்று நிதானிக்க வேண்டும். 1972 இல் மியூனிக்கில் தங்கம் வென்ற யூரி தார்மாக் பாய்ந்தது பழைய முறையில், 2.23 மீற்றர். 1978 இல் விளாடிமிர் யாஷ்சென்கோ அதே முறையில் 2.34 மீற்றர் தாண்டி உலக சாதனை படைத்தார். மெத்தை ஒரு முறையைச் சாத்தியமாக்கிற்றேயன்றி, எவரையும் அதற்குள் தள்ளிவிடவில்லை.

சப்பாத்துக்கு வரம்பிட்டவர்கள் மெத்தையை ஏன் வரவேற்றனர்? இரண்டும் சாதனையை உயர்த்த உதவியவையே. தடித்த சப்பாத்து அதை அணிந்தவருக்கு மட்டுமே உதவிற்று; மெத்தையோ களத்திலுள்ள அனைவருக்கும் பொதுவாக விரிக்கப்பட்டது. எனவே நியாயமான உபகரணம் எது என்ற தீர்ப்பு, அது யாருடைய உடைமை என்பதிலே தங்கியிருந்தது என்பது எமது கருத்து. ஆனால் அப்பொதுமை போட்டிக்களத்தின் எல்லையோடு முடிந்துவிடுகின்றது. மெத்தை வாங்க வசதியற்று மணற்குழியோடு நின்றுவிடும் பாடசாலையொன்றில் புதிய முறையை எந்த ஆசிரியரும் பொறுப்புடன் கற்பிக்க முடியாது. அங்குள்ள மாணவர் திறன் குன்றியவர் அல்லர். அத்திறன் உருவாகும் வாயிலே அவருக்கு அடைக்கப்பட்டுள்ளது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேணிலும் ஒலிம்பிக்கில் பங்குகொண்டவர். 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து, அப்போட்டிகளில் இலங்கையின் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். 1993 இல் சலமன்காவில் ஹவியர் சொட்டோமயோர் நிலைநாட்டிய 2.45 மீற்றரை அதனருகே வைத்து, இடைவெளியான 42 சென்ரிமீற்றரையும் உடல்வலியின் வேறுபாடாகவே படிப்போர், முன்னவர் பயின்று வளர்ந்த காலத்தின் மணலையும் பின்னவர் விழுந்த மெத்தையையும் கணக்கில் எடுப்பதில்லை.