மனு கொடுத்தாச்சு, அப்புறம்?

தமிழர்கள் நாலு பேர் கூடி ஒரு மலர் போட்டால் அதில் மனுநீதிச் சோழனும் உத்தரமேரூரும் வராமல் இருப்பதில்லை. நானும் அதற்கு விலக்கல்ல. சோழன் வாசலில் மணி கட்டியிருந்தது, பசு இழுத்தது, அரசன் எழுந்து வந்தான் என்பது கதை. வராமல் இருந்திருந்தால் பசு என்ன செய்திருக்கும்? மணியைக் கட்டியது மன்னனுடைய குணம், சட்டமல்ல. உத்தரமேரூர் சங்கதியும் அப்படித்தான். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டும் (919, 921) வாரியத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது, குடவோலை எப்படி எடுப்பது என்று நுணுக்கி நுணுக்கிச் சொல்கின்றன. ஊரில் ஒருவன் தன் குறையைச் சபை முன் வைப்பது எப்படி, அதற்குச் சபை எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு அவற்றில் விதி இல்லை.

அந்தக் கேள்வி நம் பக்கத்தில் சூடு பிடித்தது சென்னைப் பட்டணத்தில், 1852-ல். கஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்ற வணிகர், 'கிரெசண்ட்' பத்திரிகையை நடத்தியவர், அந்த ஆண்டு சென்னை சுதேசிகள் சங்கத்தைத் தோற்றுவித்தார். கும்பினியின் சாசனம் 1853-ல் மறுபரிசீலனைக்கு வரவிருந்தது. அதற்கு முன்னால் நம் குறைகள் லண்டன் போய்ச் சேர வேண்டும் என்று சங்கம் நீண்ட மகஜர் ஒன்றைத் தயாரித்து பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. வரிப் பளு, கச்சேரி சிப்பந்திகளின் கெடுபிடி, கோர்ட்டு வழக்குகளின் தாமதமும் செலவும், சாலையில்லாத ஜில்லாக்கள், பள்ளிக்கூடமில்லாத குறை என்று எல்லாம் அதில் இருந்தன. யோசித்துப் பாருங்கள், செங்கற்பட்டு ரயத்தின் குறையைக் கேட்க ஒரு சபை வேண்டுமென்றால் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது! உள்ளூரில் மனு வாங்க கலெக்டர் இருந்தார். ஆனால் புகாரே அவர் சிப்பந்திகள் மேல்தானே?

மகஜர் வீண் போகவில்லை. டான்பி சீமூர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1853-ல் சென்னைக்கே வந்தார். வரி வசூலுக்காகக் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற செய்தி லண்டன் சபையில் எழுந்தது. 1854-ல் விசாரணைக் கமிஷன் அமைந்தது; 1855-ல் அறிக்கை வந்தது. விரல்களை நசுக்கும் கிட்டி, ஆளை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் என்று நம் தமிழ்ச் சொற்களே அந்த ஆங்கில அறிக்கையில் ஏறியிருக்கின்றன. பெருமைப்பட முடியாத சொற்சேர்க்கை. வருவாய்ச் சிப்பந்திகள் கையிலேயே போலீஸ் வேலையும் இருந்த ஏற்பாட்டை மாற்றி, 1859-ல் சென்னை ராஜதானிக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் அது ஒரு தடவைக்கான வெற்றி. கும்பினி சாசனம் புதுப்பிக்கும் வேளை, அனுதாபமுள்ள ஓர் உறுப்பினர், செலவு செய்ய ஒரு செட்டியார், மூன்றும் கூடி வந்தன. அடுத்த முறை மனு போடுகிறவனுக்கு இவை எதுவும் கிடைக்காமல் போகலாம்.

நிலையான வழி வேண்டும் என்ற பேச்சு 1921-ல்தான் சட்டசபைக்குள் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ராஜாங்க சபையில் மாணெக்ஜி தாதாபாய் என்ற பார்சி உறுப்பினர் (பின்னாளில் அந்தச் சபைக்கே தலைவரானவர்) பொதுமக்கள் மனுக்களை ஆராயக் குழு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசாங்கம் யோசித்தது, ஒரு கமிட்டி போட்டது, கடைசியில் பாதிக் கதவைத் திறந்தது. சபை முன்னுள்ள அலுவல் பற்றி மனு கொடுக்கலாம். குறை தீர்க்கச் சொல்லி வரக்கூடாது. 1924 பிப்ரவரியில் முதல் மனுக்குழு அமைந்தது. அன்றைய மத்திய சட்டசபை கூடிவந்தது இங்கே பழைய செயலகத்தில், அதாவது இன்றைய டில்லி சட்டமன்றக் கட்டடத்தில். பஸ்ஸில் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இந்தக் கதை தெரிந்த பிறகுதான் நின்று பார்த்தேன்.

விடுதலைக்குப் பின் அந்தப் பாதிக் கதவு அகலத் திறந்தது. பொதுநலன் சார்ந்த விஷயத்துக்கும் மக்களவையில் மனு கொடுக்கலாம். ஆனால் நீதிமன்றத்தில் இருப்பது, மாநில சட்டமன்றத்துக்கு உரியது, சட்டப்படி வேறு நிவாரணம் உள்ளது ஆகியவை கூடாது. பெயர், முகவரி, கையெழுத்து அல்லது கைநாட்டு வேண்டும். நம்மூர் மொட்டைப் பெட்டிஷனுக்கு அங்கே வேலையில்லை. தமிழில் எழுதினால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பில் கையெழுத்துப் போட்டு இணைக்க வேண்டும்.

இதெல்லாம் மேல்மட்டம். தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பாராளுமன்றம் போக முடியுமா? 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் கிராமசபையை அரசியல் சட்டத்தில் ஏற்றியது. அதன் அதிகாரத்தை மட்டும் மாநிலங்கள் கையில் விட்டது. இதில் கேரளத்தின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் செய்தது கவனிக்க வேண்டியது. உறுப்பினரில் பத்து விழுக்காட்டினர் பொருளைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்டால், பதினைந்து நாளுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். இரண்டு சாதாரணக் கூட்டங்களுக்கிடையே ஒரு முறைதான் என்ற வரம்பும் உண்டு. 'பரிசீலிக்கலாம்' என்ற நழுவல் இல்லை பாருங்கள்! என் கணக்கில் 1852 மகஜரின் உண்மையான வாரிசு இந்தப் பிரிவுதான். மனு கொடுப்பவனுக்கு உரிமை, வாங்குபவனுக்குக் கடமை, நடுவில் ஒரு கெடு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மனு என்பது வெறும் காகிதம்.

நகரத்தில் இருக்கும் நமக்கு? 74-ஆவது திருத்தம் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள ஊர்களுக்கு வார்டு குழுக்களைச் சொன்னதோடு நின்றுவிட்டது. கிராமசபை மாதிரி எல்லா வாக்காளரும் உட்காரும் சபை அதில் இல்லை. பிழைக்க வந்த நாம் பெரும்பாலும் நகரவாசிகள். ஊரில் அக்காள் வீட்டுக்காரர் கிராமசபையில் எழுந்து நின்று தலைவரைக் கணக்குக் கேட்கிறார். இங்கே நான் யாரைக் கேட்பது? தமிழ்நாட்டில் 2022-ல் நகரங்களுக்கும் பகுதி சபை வந்தது. அங்கேயே இருந்திருக்கலாமோ என்று என் மனைவி கேட்டாள்.

சில வருஷத்துக்கு முன் எங்கள் குடியிருப்பில் குழாயில் சாக்கடை கலந்து வந்தது. அறுபத்து மூன்று வீட்டுக் கையெழுத்தோடு மனு எழுதி நேரில் கொண்டு போனேன். வாங்கிக்கொண்டவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். நகலில் முத்திரை குத்தி இன்வர்டு நம்பரும் போட்டுத் தந்தார். "எப்போ பதில் வரும்?" என்று கேட்டேன். "அதுக்கு விதி ஏதும் இல்லையே சார்" என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டு. அந்த நகல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.