ஆய்விலிருந்து அரவணைப்புக்கு

யுத்த காலத்தில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மட்டக்களப்புச் சிறுவர்களின் உளநலத்தை ஆராய்ந்தனர். இழப்பும் பயமும் பிள்ளைகளை ஆழமாகப் பாதித்திருந்தன. விடயம் அறிக்கையோடு முடியவில்லை. கனடியக் கலைஞர் போல் ஹோகனும், உளவளத்துணையாளரான இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் 1996இல் அங்கு வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை ஆரம்பித்தனர்.

1990 வன்செயல்களின் பின், ஒருவர் ஊருக்கு மற்றவர் போக அஞ்சிய காலம் அது. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அப்பூங்காவில் ஒன்றாகக் களிமண் பிசைந்தனர். கதை சொல்லி விளையாடினர்.

சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸும், மதித்துச் செவிமடுக்கும் உறவே மனதை ஆற்றும் என்றார்.

ஆசிரியைகளாகவும் தாதியராகவும் எங்கெங்கோ பணிபுரியும் எம் சகோதரிகளே, கணக்கெடுப்பு துயரின் அளவைச் சொல்லும். அதை ஆற்ற, பக்கத்தில் அமர்ந்து கேட்க ஒருவர் வேண்டும்.