மாருதி எஞ்சினும் ஒரு கோவைக்காரரும்



பழைய ஜீப்புக்கு வேறு எஞ்சின் மாற்றி, அதற்கான புகைக்குழாயை வீட்டிலேயே வளைத்துக்கொண்டிருக்கிறான் நம்ம சிவகிரிப் பையன் ஒருவன். வேண்டாத வேலை என்று அவன் அப்பா குறைப்பட்டார். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

1980களின் பிற்பகுதி. கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், மாருதி 800-ன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். வெளிநாட்டுப் பந்தயக் காரை வரவழைப்பது எல்லாராலும் ஆகிற காரியமா?

மாருதியில் முன்னால் இருந்த எஞ்சின், இதில் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். எஞ்சின் இடம் மாறினால் கம்பெனிக் குழாய் சரிப்படாது. மூன்று சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வந்து ஒன்றாகச் சேர்வதே நல்லது. நீளம் ஏறுக்குமாறானால் ஒன்றின் புகை மற்றதன் வழியை மறிக்கும். (அழுத்த அலை பாடம் ஞாபகம் இருக்கிறதா?) பட்டறைகளில் குழாய்க்குள் உலர்ந்த மணலை இறுக்கி அடைத்து, காய்ச்சி வளைப்பார்கள், நசுங்காது.

1995-ல் விமான விபத்தில் கரிவர்தன் இறந்துபோனார். ஃபார்முலா மாருதி ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்துக்குக் கரியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.