லாரியின் டீசல் பம்பு

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றைச் சொல்ல வருபவர்கள் 1895ஆம் ஆண்டில் முடிந்த பெரியாற்று அணையிலிருந்து தொடங்குவார்கள். அடுத்து, 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு வந்த இரயில் பாதையைச் சொல்வார்கள். நானும் வகுப்பில் பல ஆண்டுகள் அப்படியே சொல்லி வந்தவன்தான். அணைநீர் விளைவித்ததைச் சுமந்து சென்றது எது என்று ஒரு மாணவனும் என்னைக் கேட்டதில்லை. நானும் எண்ணிப் பார்த்ததில்லை. இரயில் போடியோடு நின்றுவிட்டது. கம்பத்துத் திராட்சையும் காய்கறியும் கூடலூர் கடந்து, லோயர் கேம்ப் தாண்டி, குமுளி மலையேறிக் கேரளத்துக்குப் போவது லாரியிலே. அந்த லாரி எஞ்சினின் பக்கத்தில், ஒரு முழத்துக்கும் குறைவான நீளமுள்ள உலோகப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதுவே டீசல் பம்பு. அதன் வரலாறும் நம் பள்ளத்தாக்கின் வரலாற்றில் சேர்ந்ததே.

ருடால்ஃப் டீசல் என்னும் பொறியாளர் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும், இதற்கு வேண்டியதில்லை. காற்றை மிகுதியாக அழுத்தினால் அது கொதிக்கும். அதில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து எண்ணெயைத் தெளிப்பது எங்ஙனம்? டீசல், அதைவிட மிகுதியாக அழுத்திய காற்றைக் கொண்டு எண்ணெயை ஊதிச் செலுத்தினார். அதற்குத் தனியே ஒரு காற்றழுத்தி தேவைப்பட்டது. கப்பலும் ஆலையும் அப்பாரத்தைத் தாங்கின. சாலை வண்டி தாங்குமா? 1913இல் டீசல் கடற்பயணத்தின்போது கப்பலிலிருந்து காணாமற்போனார். தம் எஞ்சின் லாரிகளில் பரவியதை அவர் காணவில்லை.

எண்ணெயைப் பம்பினால் நேரே செலுத்தப் பலரும் முயன்றனர். 1924இல் எம்.ஏ.என். நிறுவனம் அத்தகைய லாரி ஒன்றைச் செய்தது. எனினும் எல்லா நிறுவனங்களும் வாங்கிப் பொருத்தத்தக்க பம்பு, ராபர்ட் பாஷ் 1922இல் தொடங்கிய முயற்சியின் பயனாக 1927இல்தான் பெருமளவில் உற்பத்தியாயிற்று. நம் நாட்டில் 1951இல் பெங்களூரில் மைக்கோ நிறுவனம் தோன்றி இப்பம்புகளைச் செய்யலாயிற்று. ஜாம்ஷெட்பூரில் 1954இல் டாட்டா–பென்ஸ் லாரிகளும், 1955 முதல் எண்ணூரில் அசோக் லேலண்டு என்ற பெயரில் லாரிகளும் வெளிவந்தன.

பம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை எனக்குக் கற்பித்தவர் தேனியில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர். பின்னக் கணக்குக்காக என்னிடம் பிரம்படி வாங்கியவர் அவர்; அதை அவர் மறந்துவிட்டதாகச் சொன்னார், நான் மறக்கவில்லை. ஆறு சிலிண்டர் எஞ்சினின் பம்பில் ஆறு எலிமெண்டுகள் உண்டு. எலிமெண்டு என்பது ஒரு குழலும் அதனுள் ஏறியிறங்கும் தண்டும். இரண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே. தண்டு ஏறும் தொலைவு எப்போதும் ஒன்றுதான். ஆனால் அதன் உடலில் சாய்வாக வெட்டிய ஒரு பள்ளம், குழலின் துவாரத்தைச் சந்தித்ததும் அழுத்தம் கழன்று பாய்ச்சல் நின்றுவிடும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்தால் தண்டு சற்றே திரும்பும், பள்ளம் துவாரத்தைப் பிந்திச் சந்திக்கும், எண்ணெய் கூடும். குமுளி ஏற்றத்தில் சுமையோடு ஏறும் வலிமையெல்லாம் இந்தச் சிறு திருப்பத்தில் அடங்கியிருக்கிறது!

"பம்பைக் கழற்றி வேறு பம்பை மாட்டுவதுதானே?" என்று நான் கேட்டுவிட்டேன். "மாட்டுவது எளிது ஐயா, டைமிங்தான் வேலை" என்றார் அவர். முதல் சிலிண்டரை அழுத்தும் நிலைக்குக் கொண்டுவந்து, பம்பின் அடையாளத்தை இணைத்து மாட்டினார். பின்பு முதல் எலிமெண்டின் மேலுள்ள வால்வை எடுத்துவிட்டு, வளைந்த சிறு குழாயைப் பொருத்தினார். டீசல் அதன் வழியே ஒழுகிற்று. எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பத் திருப்ப, ஒழுக்கு சொட்டாகி, சொட்டு நின்றது. நின்ற கணமே பாய்ச்சல் தொடங்கும் கணம். ஃப்ளைவீலில் குறித்த பாகை அப்போது முள்ளுக்கு நேரே நிற்க வேண்டும். பிந்தினால் வண்டி இழுக்காது. முந்தினால் எஞ்சின் இடித்துக் கெடும். அன்று இரண்டு பாகை விலகியிருந்தது. பம்பைத் தளர்த்தித் திருப்பி, மும்முறை பார்த்தபின்பே வால்வை மீண்டும் பொருத்தி, ஏர் எடுத்தார். ஆறு குழாய்களிலும் எண்ணெய் அளவு ஒன்றாக உள்ளதா என்பதை மட்டும் கைப்பழக்கத்தால் அறிய முடியாது. அதற்கு டெஸ்ட் பெஞ்சு வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.–6 விதி நடைமுறைக்கு வந்தது. புதிய லாரிகளில் பம்பின் வேலை அழுத்தம் தருவது மட்டுமே. எந்தக் கணத்தில், எவ்வளவு என்பதை மின்னணுக் கருவி கணக்கிடுகிறது. புகை குறைந்தது, நல்லதே. பழைய பம்புகள் வரும்வரை வேலை உண்டு என்கிறார் அவர். நான் புறப்படும்போது, ஆறு தண்டுகளையும் டீசலில் கழுவி, ஒவ்வொன்றையும் அதனதன் குழலோடு தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றின் தண்டு மற்றொன்றின் குழலுக்குச் சேராது.