வார்டில் தடுமாறும் மாணவரும் எழுதப்படாத மதிப்பீடும்

மருத்துவக் கல்வியில் எழுத்துத் தேர்வுக்கு விடைத்தாள் சான்றாக எஞ்சுகிறது. மாணவர் தம் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்வையிடலாம் என 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நோயாளியின் படுக்கையருகே கேட்கப்படும் கேள்விகளுக்கோ விடைத்தாள் கிடையாது. "திறன் போதாது" என்னும் ஆசிரியரின் ஒரு சொல்லே அங்கு தீர்ப்பாகிவிடுகிறது. சாதி எளிதில் புகுந்துகொள்ளும் இடமும் அதுவே.

டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தை ஆராய்ந்த தோரட் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கை இதைப் பதிவு செய்துள்ளது. ஆசிரியர்களின் ஆதரவு போதவில்லை என்றும், செய்முறை, வாய்மொழித் தேர்வுகளின் மதிப்பீடு நியாயமாக இல்லை என்றும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் பெரும்பாலோர் அக்குழுவிடம் கூறினர். மும்பையில் முதுநிலை மருத்துவம் பயின்ற பழங்குடி மாணவி பாயல் தாட்வி 2019இல் இறந்தார். அதன்பின் அவருடைய தாயும் ரோகித் வெமுலாவின் தாயும் உயர்கல்வியில் சாதியப் பாகுபாட்டைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தை நாடினர்.

தடுமாற்றம் அனைத்திற்கும் பாகுபாடே காரணம் என நாம் கூறவில்லை. ஆங்கிலத்தில் நோய் வரலாற்றை எடுத்துரைக்கும் தயக்கம், பணநெருக்கடி, உறக்கமின்மை, செய்துகாட்டப்படாத செய்முறை என ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. காரணத்தைப் பிரித்தறிவதே முதல் உதவி.

2019இல் நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் இதற்கு இடமளிக்கிறது. பயின்ற திறன்கள் லாக் புக்கில் பதிவாக வேண்டும். அகமதிப்பீட்டு முடிவுகள் அறிவிப்புப் பலகையில் வெளியாக வேண்டும். உரிய மதிப்பெண் பெறாதோருக்கு மீள்பயிற்சிக்கான நெறிமுறை வகுக்கப்பட வேண்டும். தேர்வெழுத, பாட வகுப்புகளில் 75 விழுக்காடும் செய்முறை, மருத்துவமனைப் பயிற்சியில் 80 விழுக்காடும் வருகை தேவை. ஆகவே அவமதிப்புக்கு அஞ்சி வார்டைத் தவிர்க்கும் மாணவர் தேர்வுக்குரிய தகுதியையே இழக்க நேரிடும்.

மாணவர் அமைப்புகள் நான்கு கேள்விகளை எழுத்துவடிவில் துறைத் தலைவரிடம் முன்வைக்கலாம்: எந்தத் திறனில் குறை? அது எந்த நாளில் கண்டறியப்பட்டது? யார், எப்போது மீண்டும் கற்பிப்பார்? மறுமதிப்பீட்டில் வேறோர் ஆசிரியரும் இருப்பாரா? விண்ணப்பத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் பெறுவது அவசியம்.

பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில், பட்டியல் சாதி அல்லது பழங்குடி மாணவரை, அப்பிரிவினர் அல்லாத ஒருவர் இழிவுபடுத்தும் நோக்குடன் வேண்டுமென்றே அவமதித்தால், அது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1)(ஆர்)-இன்படி குற்றம். அதைக் கல்விக் குறைபாடாக மாற்றி எழுத எவருக்கும் அதிகாரமில்லை.

தேர்வு முடிவு வந்தபின் கேட்கும் உதவி பெரும்பாலும் காலந்தாழ்ந்தது. வார்டுப் பயிற்சியின் முதல் வாரத்திலிருந்தே எழுதி வைப்போம். எழுதித் தரும்படி கேட்போம்.