கடிகார ஒத்திசைவு

வெவ்வேறு இடங்களில் உள்ள கடிகாரங்களை ஒரே நேரம் காட்டும்படி பொருத்துவது கடிகார ஒத்திசைவு. சிறப்புச் சார்பியலின் அடித்தளம் இது.

முதலில் இது நிலப்படக்காரர்களின் சிக்கல். ஓர் ஊரின் தீர்க்கரேகையைக் கணிக்க, அவ்வூர்க் கடிகாரத்தைத் தொலைவிலுள்ள வானாய்வகக் கடிகாரத்தோடு தந்தி வழியே ஒப்பிட்டார்கள். பாரிஸ் தீர்க்கரேகை அலுவலக உறுப்பினரான ஆன்றி புவான்காரே, 'ஒரே நேரம்' என்று எதை வைத்துச் சொல்கிறோம் என 1898-ல் கேட்டார். இயற்பியலாளர் லோரன்ட்ஸ் 1895-ல் கணக்கு உத்தியாக வைத்த 'உள்ளூர் நேரம்', ஒளிச் சைகை பரிமாறிப் பொருத்திய கடிகாரங்கள் காட்டும் நேரமே என்று 1900-ல் விளக்கம் தந்தவரும் அவர்தான்.

1905-ல் ஐன்ஸ்டீன் இதை வரையறையாகவே ஆக்கினார். 'அ'விலிருந்து கிளம்பும் ஒளி 'ஆ'வில் பட்டுத் திரும்புகிறது. கிளம்பிய நேரத்துக்கும் திரும்பிய நேரத்துக்கும் சரிநடுவே அது 'ஆ'வைத் தொட்டதாகக் கொள்ள வேண்டும். இதில் முரண்பாடு வராது என்பதை அவர் நிறுவவில்லை. அப்படியே கொள்வோம் என்று கடந்துவிட்டார். ஆனால் 'அ'வோடு 'ஆ'வும் 'இ'யும் தனித்தனியே பொருந்திவிட்டால், அவை தமக்குள்ளும் பொருந்தும் என்பது தானாகக் கிடைப்பதல்ல. அதற்கு இம்மூன்றும் சேர்ந்த முக்கோணத்தை எந்தத் திசையில் சுற்றினாலும் ஒளிக்குச் சம நேரம் பிடிக்க வேண்டும். சுழலும் தளத்தில் அப்படிப் பிடிப்பதில்லை என்பதை சாஞ்யாக்கின் 1913 சோதனை காட்டியது. நிலநடுக்கோட்டில் அடுத்தடுத்த கடிகாரங்களைப் பொருத்திக்கொண்டே உலகைச் சுற்றி வந்தால், கடைசிக் கணக்கு முதல் கடிகாரத்தோடு சுமார் 207 நானோநொடி உதைக்கும். ஜிபிஎஸ் கடிகாரங்களைப் பூமியோடு சுழலாத சட்டகத்தில் பொருத்துவது இதனால்தான்.

சரிநடுவைத் தேர்ந்தது வெறும் மரபு என்றார் ரைஷன்பாக் (1928). அப்படியல்ல என்று மாலமென்ட் 1977-ல் வாதிட்டார். தத்துவவாதிகளிடையே வழக்கு நீடிக்கிறது.

சார்பியலில் தர்க்க முரண் உண்டு என்ற குற்றச்சாட்டை உரக்க எழுப்பியவர் லண்டன் பேராசிரியர் ஹெர்பர்ட் டிங்கிள். 1922-லேயே சார்பியலுக்கு அறிமுக நூல் எழுதியவர் என்பதுதான் வியப்பு. இரண்டு கடிகாரங்களில் ஒவ்வொன்றும் மற்றதைவிட மெதுவாக ஓடுவது எப்படி என்பது அவர் கேள்வி. கணக்குப் போட்டால் விடை வருகிறது. ஒளிவேகத்தில் 0.6 பங்கு வேகமுள்ள கப்பல், தமக்குள் பொருத்தப்பட்ட இரண்டு தரைக் கடிகாரங்களைக் கடக்கிறது. தரைக் கணக்கில் 10 நிமிடம். கப்பல் கடிகாரத்தில் 8. கப்பலில் இருப்பவருக்கோ தரைக் கடிகாரம் அந்த 8 நிமிடத்தில் 6.4 நிமிடமே ஓடுகிறது. ஆனால் அவர் பார்வையில் இரண்டாம் தரைக் கடிகாரம் தொடக்கத்திலேயே 3.6 நிமிடம் முந்தி வைக்கப்பட்டது. இரண்டையும் கூட்டினால் அதே 10. டிங்கிள் கணக்கில் சேர்க்காதது அந்த 3.6 நிமிடத்தை. 1978-ல் இறக்கும்வரை அவர் இணங்கவில்லை.