கேட்டவர்கள் யார்? நரிக்குறவர் பெண்களும் குடும்பக் கட்டுப்பாட்டின் வரலாறும்



‘நரிக்குறவப் பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பற்றி எவ்வளவு சொன்னாலும் ஏறாது’ என்ற பேச்சை நாம் எல்லோருமே கேட்டிருப்போம். இறையூரிலும் காரை மலையப்ப நகரிலும் வாழும் அந்தப் பெண்களின் மனப்பான்மையை ஆராய வருகிறவர்கள், அவர்களிடம் இதுவரை யார், எதற்காகக் கேட்டார்கள் என்பதை ஆராய்வதில்லை. இன்று நான் பேச வந்திருப்பது அப்படிக் கேட்டவர்களின் வரலாறு.

1930இல் ‘குடி அரசு’ இதழில் பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். உடல்நலம், நாட்டின் பொருளாதாரம் என்று மற்றவர்கள் காரணம் சொன்னபோது, பெண் விடுதலை பெறுவதற்கே அது வேண்டும் என்றார். 1938 நவம்பர் 10 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் பி.ஜே. ரோஹம் கருத்தடைக்கு ஆதரவான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அம்பேத்கர் எழுதிய உரையை அங்கே வாசித்ததும் அவர்தான். பிரசவ வேதனையை ஆண்கள் படவேண்டி வந்தால் ஒரு பிள்ளைக்கு மேல் எவரும் ஒப்பமாட்டார்கள் என்று அந்த உரை வாதிட்டது. எந்தக் காரணத்தால் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை வேண்டாம் என்று தோன்றினாலும், அதைத் தடுக்கும் வழி அவள் கையில் இருக்க வேண்டும் என்றது. ‘எந்தக் காரணத்தால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அவள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தீர்மானத்துக்கு ஆதரவாக 11 பேர், எதிராக 52 பேர். தோற்றுப்போனது.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு அரசாங்கக் கோப்புக்குள் போனது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி, மூன்று பிள்ளைகளுக்குப் பிறகும் பெறுவதைப் ‘பொறுப்பற்ற தாய்மை’ என்று கணக்கிட்டார். தந்தைமைக்கு அப்படியொரு பெயர் வைக்க அவருக்குத் தோன்றவில்லை! 1950களின் பிற்பகுதியிலேயே சென்னை மாநிலம் அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. ஆள் பிடித்து வருபவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று உண்டு. பணம் யாருக்கு அவசரமோ அவர்தானே முதலில் போவார்? மானாவாரிக் காட்டில் கூலி அற்றுப்போகும் மாதங்களை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அன்று மேசையில் பெரும்பாலும் ஆண்களே படுத்தார்கள். நெருக்கடி நிலையின்போது, 1976–77 ஒரே ஆண்டில், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அதற்கு வாக்குச்சீட்டில் பதில் வந்ததும் அரசுகள் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பின. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை 0.1 விழுக்காடு.

இந்தக் கணக்கில் நரிக்குறவப் பெண்ணைத் தேடினால் கிடைக்கமாட்டாள். 2023 தொடக்கத்தில் பழங்குடிப் பட்டியலில் சேரும்வரை அவளுடைய சமூகம் மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்ற பெரிய கூடைக்குள் கிடந்தது. ஊசிமணி, பாசிமணி மூட்டையையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையங்களிலும் திருவிழாக்களிலும் நடந்து விற்பவள் அவள். அறுவைக்குப் பிறகு சுமை தூக்காதே என்றால் அவள் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? பிரசவம் முடிந்ததும் சொல்லாமலே காப்பர்-டி வைத்தார்கள் என்ற புகார் தமிழ்நாட்டில் பலமுறை எழுந்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்டவள் ஆஸ்பத்திரிக்குத் தயங்கினால் அதற்கு அறியாமை என்று பெயரா?

ஐரோப்பாவின் ரோமா மக்களின் மூதாதையர் இந்தியாவிலிருந்து போனவர்கள். நம் ஊரில் நரிக்குறவர்களையும் ‘ஜிப்சி’ என்று ஒரே பெயரில் அழைப்பதுண்டு. இருவரும் ஒரே மக்கள் அல்லர். ஆனால் கேட்டவர்கள் ஒரே மாதிரி கேட்டார்கள். செக்கோஸ்லோவாக்கியாவில் 1970களிலிருந்து ரோமா பெண்களுக்குப் பணம் காட்டிக் கருத்தடை செய்தார்கள். 2000இல் ஸ்லோவாக்கியாவில் ஓர் இளம்பெண்ணிடம் பிரசவ வலியின் நடுவே கையெழுத்து வாங்கினார்கள். அவளுடைய மருத்துவக் குறிப்பில் ‘ரோமா’ என்று எழுதிவைத்தார்கள். அவள் வழக்காடி 2011இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றாள். செக் நாடு 2021இல் சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் கொருனா இழப்பீடு என்றது. அந்தப் பெண்கள் ஒன்றுகூடி, தங்களுக்கு நடந்ததைத் தாங்களே சொல்லிப் பதிவு செய்ததால்தான் இது நடந்தது.

இங்கே அப்படியொரு பதிவுக்கு மாணவத் தோழர்கள்தாம் போக வேண்டும். வாக்ரிபோலிக்குத் தனி எழுத்து இல்லை. ஆகவே குரலாகவே பதியுங்கள். நெருக்கடி காலத்தில் இளம்பெண்களாக இருந்தவர்களுக்கு இப்போது வயது எழுபதுக்கு மேல். எத்தனை பிள்ளை என்று தொடங்காதீர்கள். உங்களை யார் கூட்டிப்போனார்கள், எந்தத் தாளில் கைநாட்டு வாங்கினார்கள், அதை யாராவது படித்துக் காட்டினார்களா என்று கேளுங்கள்.